பலகையில் ஏறாத ஆல்பம்

எழுதத் தெரிந்தவர்கள் எழுத வேண்டியதை நான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பொறுத்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் சாக்பீஸால் ஒரு பலகையில், வாரத்துக்குப் பத்து வரி. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கடையில் யாராவது எதையாவது கேட்டால் விரலால் காட்டுவேன். நான் வாய் திறக்காததால் நடந்த ஒரு காரியம் இருக்கிறது. அதை வாயால் சொல்ல இத்தனை வருடமாக முடியவில்லை. அதனால்தான் இந்தத் துணிச்சல். யார் பெயரையும் எழுதவில்லை. இதில் வருகிறவர்கள் இன்னும் இதே ஊரில்தான் நடமாடுகிறார்கள்.

சிவாஜிநகரில் கறிக்கடைகள் முடிந்து துணிக்கடைகள் தொடங்குகிற சந்தில் எங்கள் சிடி கடை இருந்தது. தமிழ், கன்னடம், இந்தி, உருது கவ்வாலி, எல்லாச் சாமி பாட்டும் கிடைக்கும். முதலாளியை நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். வீட்டில் உருது பேசுவார், கடையில் தமிழும் கன்னடமும் பேசுவார், கோபம் வந்தால் மூன்றும் ஒன்றாக வரும். நான் அங்கே பதினெட்டு வருடம் வேலை பார்த்தேன்.

கடை வாசலில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு பலகை தொங்கும். அந்த வாரம் அதிகம் விற்ற பத்து ஆல்பங்களின் பெயரை அதில் எழுதுவது என் வேலை. ஒரு சிடி விற்றால் அதன் மேல் ஒட்டிய சீட்டைப் பிய்த்து மேஜை ஆணியில் குத்துவேன். சனிக்கிழமை காலை ஆணியிலிருந்து எல்லாவற்றையும் உருவி, ஆல்பம் ஆல்பமாகப் பிரித்து, கண்ணாடி மேஜையில் அடுக்குவேன். எந்த அடுக்கு உயரமோ அது முதல் வரி. தினசரிப் பத்திரிகைகளில் இந்தப் பட்டியல் வேறு மாதிரி வரும். எங்கள் பகுதியில் அதை யாரும் நம்புவதில்லை. எங்கள் பலகையைத்தான் நம்பினார்கள்.

நம்பியதால்தான் அடித்துக்கொண்டார்கள். இரண்டு சினிமா நடிகர்களின் ரசிகர் மன்றங்கள் அந்தச் சந்துக்கு இரண்டு பக்கமும் இருந்தன. படம் வருவதற்கு ஒரு மாதம் முன்பே பாட்டு வந்துவிடும். அந்த ஒரு மாதமும் சனிக்கிழமைகளில் எங்கள் வாசலில் சண்டை நடக்கும். பலகைக்குக் கீழே ரத்தம் விழுந்ததை மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஒரு முறை குப்பை அள்ளும்போது தூசிக்குள் ஒரு முன்பல் கிடந்தது. இன்னொரு முறை ஒருவனுடைய காது கடுக்கனோடு கிழிந்து தொங்கியது. அவன் அதைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, “நம்பர் ஒன் யாருடா? சொல்லுடா!” என்று கத்தினான். பாய் பலகைக்குக் கோழிக்கூண்டு வலை அடித்து, நான் எழுதுவதற்கு மட்டும் திறக்கிற மாதிரி செய்துவைத்தார். வலை இருந்ததால் பலகை தப்பித்தது. ஆட்களுக்கு வலை இல்லை.

முதல் வரியில் தங்கள் நடிகரின் ஆல்பம் வந்த சனிக்கிழமைகளில் மன்றத்துப் பையன்கள் மேளத்தோடு வருவார்கள். பலகையில் நடிகரின் படத்தை மாட்டி, அதற்கு மேலே மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்துவிட்டுப் போவார்கள். ஒரு மன்றத்தின் செயலாளர் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவர். முழங்கை வரை தீப்பொறி பட்ட தழும்பு. எனக்கு அவர் கெட்டவர் இல்லை. சாக்பீஸ் பிடிப்பதால் என்னை வாத்தியாரே என்பார்.

“இன்னா வாத்தியாரே, இந்த வாரமும் நம்ம தலைவர்தானே? இல்லன்னா உன்னை பெஞ்சு மேல ஏத்திடுவேன்.”

நான் சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

ஆனால் அந்தக் கடையில் அதிகம் விற்ற ஆல்பம் எந்த நடிகருடையதும் இல்லை. அது ஒரு சாவு கானா ஆல்பம். எங்கள் பகுதிகளில் ஒருவர் இறந்தால் பிணத்துக்குப் பக்கத்தில் டோலக் வைத்துப் பாடுவார்கள். அப்படிப் பாடும் ஒருவர் தன் பாட்டுகளைச் சேர்த்து ஒரு சிடி போட்டிருந்தார். அவரைக் கூப்பிட முடியாதவர்கள், அவர் வேறொரு சாவில் இருக்கிற நாளில் செத்தவர்களின் வீட்டார், அந்த சிடியை வாங்கிப் போட்டார்கள். சாவு வீட்டில் பாடிய சிடியைத் திரும்ப வீட்டுக்குள் எடுத்துப் போகக் கூடாது. அது வழக்கம். மயானத்தில் குழியை மூடுவதற்கு முன் அதையும் உள்ளே போட்டுவிடுவார்கள். எரிப்பவர்கள் விறகோடு வைப்பார்கள். அடுத்த சாவுக்குப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். ஆக, ஒரு சாவுக்கு ஒரு சிடி.

மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருகிற தொழில் வந்து மற்ற ஆல்பங்களின் விற்பனை பாதியாகக் குறைந்தபோதும் இது குறையவில்லை. சாவுப் பாட்டைத் தன் செல்போனில் ஏற்றிக்கொள்ள யாருக்கும் துணிவு இல்லை. சனிக்கிழமை காலைகளில் இதன் அடுக்கு சாய்ந்து விழுகிற உயரத்தில் இருக்கும். பாய் அதை அப்படியே அள்ளி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடுவார்.

“வாசல்ல மவுத்து பேரு நக்கோ பா. பரக்கத் போயிடும்” என்பார்.

நக்கோ என்றால் வேண்டாம். மவுத்து என்றால் சாவு. பரக்கத் என்றால் கடையின் செழிப்பு. நான் இரண்டாவது உயரமான அடுக்கை முதல் வரியில் எழுதுவேன்.

அந்தப் பாட்டுக்காரரை எனக்குக் கடைக்கு வருவதற்கு முன்பே தெரியும். என் தம்பிக்கு அவர்தான் பாடினார்.

என் தம்பி ஒரு கறிக்கடையில் வெட்டுகிற வேலை செய்தான். நான் எவ்வளவு பேசமாட்டேனோ அவன் அவ்வளவு பேசுவான். ஒரு நாள் காலை கடை முன்னால் ஒருவன் பைக்கை நிறுத்தினான். எடுக்கச் சொல்லித் தம்பி கத்தினான். பைக்காரன் போய் மூன்று பேரோடு வந்தான். ஷட்டர் இழுக்கிற இரும்புக் கம்பியால் தம்பியின் தலையின் பின்பக்கத்தில் அடித்தார்கள். முதல் அடியிலேயே தம்பி உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவனை இன்னும் நான்கு முறை அடித்தார்கள். நான் பத்தடி தள்ளி, அவனுக்குக் கொண்டுவந்த டிபன் டப்பாவோடு நின்றுகொண்டிருந்தேன். என் கால் ஒரு அடி கூட முன்னால் வரவில்லை. கத்தக்கூட இல்லை.

மறுநாள் உடலைக் கொடுத்தார்கள். பாட்டுக்காரர் டோலக்கோடு வந்து என் பக்கத்தில் குந்தினார்.

“உன் தம்பிக்கு இன்னாபா புடிக்கும்?”

“இட்லிக்கு சக்கரை தொட்டுக்குவான்” என்றேன்.

அதைப் பாட்டில் வைத்தார். சர்க்கரை தொட்டு இட்லி தின்றவனே, உனக்குக் காரம் எவன் ஊட்டினான் என்று பாடினார். அழுதுகொண்டிருந்த பெண்கள் அந்த வரியில் சிரித்துவிட்டு, பிறகு முன்னைவிட அதிகமாக அழுதார்கள். பின்னால் ஆல்பம் போட்டபோது பெயரை எடுத்துவிட்டு அந்தப் பாட்டையும் சேர்த்தார். ஊரில் யார் செத்தாலும் என் தம்பியின் இட்லி அங்கே போகும். முன்பின் தெரியாத ஒரு சாவு ஊர்வலம் கடையைக் கடக்கும்போது வண்டியிலிருந்து அந்த வரி கேட்கும். நான் சிடி அடுக்குகிற மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மாதம் ஒரு முறை அவரே ஸ்கூட்டரில் சிடி கட்டு கொண்டுவந்து இறக்குவார். அறுபதை நெருங்கிய ஒல்லியான மனிதர். கடைக்குள் வரமாட்டார். தன்னைப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் சகுனம் பார்ப்பார்கள் என்று அவரே வாசலில் நின்றுவிடுவார். ஒரு வருடம் மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அப்படி வந்து நின்றார். பாய் ஒரு கல்யாணத்துக்குக் கோலார் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்.

“தம்பி, ஒரு வார்த்த. கேட்டுட்டு முடியாதுன்னா முடியாதுன்னு தலைய ஆட்டு, போயிடறேன்.”

நான் வெளியே வந்தேன்.

“பன்னெண்டு பாட்டு வெச்சிருக்கேன். ஒண்ணுல கூட ஒருத்தனும் சாகல. பூ விக்கிற பொம்பள, ஆட்டோ ஓட்டறவன், கொழந்தைக்கு மொட்டை அடிக்கிறது, எல்லாம் உசுரோட இருக்கிறவங்க. விவேக் நகர்ல ஒரு ஸ்டூடியோகாரர் இருக்காரு. சர்ச் பாட்டெல்லாம் போடறவரு. நாலு மாசமா அவர் வாசல்ல நிக்கிறேன். ‘சாவு பாட்டுக்காரன் ஆல்பத்த எவன் வாங்குவான், உன்னுது விக்குதுன்னா அந்தப் பலகையில காட்டு’ங்கறாரு. நாளைக்கு மத்தியானம் இந்தப் பக்கம் வராராம். காட்டினா அவரே செலவு பண்ணி போடறேன்னு சொல்லிட்டாரு.”

நான் தரையைப் பார்த்தேன்.

“பாய்கிட்ட மூணு வாட்டி கேட்டேன். அவர் சொல்றதும் நாயந்தான். ஆனா பொய் எழுதச் சொல்லலபா. இருக்கறத எழுது. ஒரே ஒரு மத்தியானம். அப்புறம் அழிச்சுடு.” ஸ்கூட்டர் பக்கம் போய்த் திரும்பி வந்தார். “கல்யாண வூட்டுப் பக்கம் போனா பிரியாணிய பொட்டலம் கட்டி ரோட்லயே குடுத்து அனுப்பிடறாங்க தம்பி. ஒரு வாட்டி உள்ள போயி பாடணும். எனக்கு வயசாவுது.”

நான் தலையை ஆட்டினேன். முடியும் என்கிற பக்கமாக.

சனிக்கிழமை காலை சீட்டுகளை அடுக்கினேன். ஊரில் காய்ச்சல் பரவியிருந்த நேரம். சாவு ஆல்பத்தின் அடுக்கு நடிகரின் ஆல்பத்தைப் போல இரண்டு மடங்கு உயரம் இருந்தது. அதை டின்னில் போடவில்லை. வலையைத் திறந்து, துடைத்து, முதல் வரியில் பாட்டுக்காரரின் பெயரையும் அவர் ஆல்பத்தின் பெயரையும் எழுதினேன். அந்த ஆல்பம் வந்த பிறகு பலகையில் நான் உண்மையை எழுதியது அந்த ஒரு முறைதான். எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது. இரண்டாவது வரியில் வெல்டிங் பட்டறைக்காரரின் நடிகர் படத்து ஆல்பம். அதற்கு முன் ஆறு வாரமாக அது முதல் வரியில் இருந்தது.

பதினொரு மணிக்கு மேளச் சத்தம் கேட்டது. செயலாளர் முன்னால் வர, பத்துப் பன்னிரண்டு பையன்கள் மாலை, பூசணிக்காய், கண்ணாடி போட்ட படத்தோடு வந்தார்கள். ஏழாவது வாரம் என்பதால் மாலை பெரிதாக இருந்தது.

அந்தப் பையன்கள் தமிழ்தான் பேசுவார்கள். ஆனால் எல்லோரும் இங்கே பிறந்து கன்னடப் பள்ளியிலோ இங்கிலீஷ் பள்ளியிலோ படித்தவர்கள். தமிழ் எழுத்து அவர்களுக்குக் கோலம் மாதிரி. செயலாளரும் அப்படித்தான். முதல் வாரம் யாரோ படித்துச் சொன்னார்கள். ஆறு வாரமாக முதல் வரி அவர்களுடையது. ஏழாவது வாரமும் முதல் வரி தங்களுடையதுதான் என்று நினைத்துவிட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை, படிக்கவும் தெரியாது. வலையில் நடிகரின் படத்தை மாட்டினார்கள். பலகையின் தலையிலிருந்து மாலையைத் தொங்கவிட்டார்கள். மாலை படத்தைச் சுற்றி விழுந்தது. அதற்கு நேர் மேலே சாவுப் பாட்டு ஆல்பத்தின் பெயர். கற்பூரம் கொளுத்தினார்கள். பூசணிக்காய் உடைந்து குங்குமத் தண்ணீர் படி முழுக்க ஓடியது.

“வாத்தியாரே, ஏழு வாரம்! வா, போட்டோவுல நில்லு.”

அப்போது நான் சொல்லியிருக்கலாம். “அண்ணா, இன்னிக்கு முதல் வரி உங்களுது இல்ல” என்று ஐந்தாறு வார்த்தை. சொன்னால் நாலு அறை விழுந்திருக்கும், அவ்வளவுதான். நான் கையெடுத்து வேண்டாம் என்று காட்டிவிட்டு உள்ளே போனேன். அவர்கள் பலகையோடு நின்று போட்டோ எடுத்து, செல்போனில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, மேளம் அடித்துக்கொண்டே போனார்கள்.

பன்னிரண்டரைக்கு ஸ்டூடியோகாரர் வந்தார். பாட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டு, தலை படிய வாரி, எதிர்க் கடை நிழலில் பதினொரு மணியிலிருந்தே காத்திருந்தவர், ஓடி வந்தார். ஸ்டூடியோகாரர் தமிழ் படிப்பவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பலகையைப் பார்த்தார்.

“அடேயப்பா. மாலை வேற போட்டிருக்காங்க!”

பாட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் சிடி அடுக்கைப் பார்த்தேன்.

“இவரு படம் ஏன் கீழ தொங்குது?”

“அவரு ரெண்டாவது இடம் சார்” என்றார் பாட்டுக்காரர்.

ஸ்டூடியோகாரர் சத்தமாகச் சிரித்தார். “திங்கக்கெழம காலைல டோலக்கோட வந்துடுங்க. பன்னெண்டையும் பாடிக் காட்டுங்க. பெரியவரே, சாவுல இருந்து உங்கள வெளிய இழுத்துட்டேன் போங்க.”

அவர் போன பிறகு பாட்டுக்காரர் இரண்டு டீ வாங்கி வந்தார். முதல் முறையாகக் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். டீயைக் குடிக்காமல் அந்தப் பன்னிரண்டில் ஒன்றை மெல்லிய குரலில் பாடிக் காட்டினார். பூ விற்கிற பெண் மீதிப் பூவைத் தன் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிற பாட்டு. எனக்கு நன்றாக இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தார்.

“தம்பி, போட்டோவுக்கு மாலை, அதுக்கு மேல என் பேரு. அவனுங்க படிச்சா இன்னா ஆவறது? அழிச்சுடலாமா?”

“அவங்களுக்குப் படிக்கத் தெரியாதுண்ணா. சாயந்தரம் அழிச்சுக்கலாம்” என்றேன்.

அன்றைக்கு அதுவரை நான் முழுசாகப் பேசியது அது ஒன்றுதான். அதுவும் தப்பாகப் போனது. எதிர் மன்றத்தில் தமிழ் படிக்கிறவன் ஒருவன் இருந்தான். போட்டோ அவனுக்கும் போயிருந்தது. அதன் கீழே, “உங்க தலைவருக்கு எடுப்பு எத்தனை மணிக்கு? நாங்களும் வரோம்” என்று எழுதி அவன் ஊருக்கெல்லாம் திருப்பி அனுப்பினான். எடுப்பு என்றால் பிணத்தை வீட்டிலிருந்து எடுப்பது.

இரண்டு மணி இருக்கும். மேளம் இல்லாமல் வந்தார்கள். நாலு பைக். முதலில் இறங்கியவன் கிரிக்கெட் பேட்டால் ஷோகேஸ் கண்ணாடியை அடித்தான். கண்ணாடி மொத்தமாக இறங்கியது. இரண்டாமவன் சுவர் அடுக்கைக் கையால் வாரித் தள்ளினான். பெட்டி பெட்டியாக சிடி தெருவில் விழுந்து, அவர்கள் காலுக்கடியில் நொறுங்கியது. செயலாளர் வாசலில் நின்றார். அழுதிருந்த மாதிரி கண் சிவந்திருந்தது.

“தலைவருக்கு கருமாதி பண்ணிட்டீங்களேடா. எங்க கையாலயே மாலை போட வெச்சிட்டீங்களேடா!” பிறகு என்னைப் பார்த்தார். “வாத்தியாரே. நீயா எழுதின?”

காலையில் எழுதிய சாக்பீஸ் வெள்ளை என் வலது கை விரல்களில் இன்னும் போகாமல் இருந்தது. அந்தக் கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன். தலையை இல்லை என்று ஆட்டினேன்.

“பின்ன எவன்டா எழுதினான்?”

பாட்டுக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். என் பாக்கெட்டை ஒரு முறை பார்த்தார். அவர் பார்த்தது எனக்குத் தெரியும்.

“அவன உடுங்கப்பா, அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நாந்தான் சாக்பீஸ புடுங்கி எழுதினேன். எழுதினது என் பேருதான? தப்புதான்பா. பெரிய தப்பு.”

சட்டைக் காலரைப் பிடித்து வாசல் படிக்கு இழுத்தார்கள். படியில் பூசணிக்காய்த் தண்ணீர். வழுக்கி முகம் குப்புற விழுந்தார். எழும்போது விலாவில் உதைத்தார்கள். சின்ன வயதுப் பையன்கள், ஒருவனுக்கு மீசைகூடச் சரியாக இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, முறை வைத்த மாதிரி, ஒருவன் விட்டால் ஒருவன் உதைத்தான். வலையைப் பிய்த்துப் பலகையைக் கீழே இழுத்தார்கள். அதன் சட்டம் உடைந்தது. வலையில் இருந்த சாக்பீஸ் டப்பா உருண்டு வந்தது.

“எழுதினியே, தின்னு” என்று ஒருவன் அவர் வாயில் சாக்பீஸைத் திணித்தான். இன்னொருவன் தாடையை அமுக்கி மெல்ல வைத்தான். வெள்ளையும் சிவப்புமாக வாயோரம் வழிந்தது. கறிக்கடையிலிருந்து இரண்டு பேர், “பேடா குரு, வயசானவரு, ஹோக்லி பிடு” என்று கன்னடத்தில் விடச் சொல்லிப் பார்த்தார்கள். பேட் அவர்கள் பக்கம் திரும்பியதும் நின்றுவிட்டார்கள்.

நான் மேஜைக்குக் கீழே போயிருந்தேன். எப்போது போனேன் என்று தெரியவில்லை. உடைந்த கண்ணாடி மேலேயே முட்டி போட்டிருக்கிறேன், வலி தெரியவில்லை. இதுவும் பத்தடி தூரம்தான்.

செயலாளர் மட்டும் கை வைக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, “நீ பாடறவன்தானே. எங்க தலைவர் நூறு வருஷம் இருக்கணும்னு பாடு. இந்த அபசகுனம் கழியட்டும். பாடு, உட்டுடறோம்” என்றார். அவர் அதை மனதாரத்தான் சொன்னார் என்று எனக்குத் தோன்றியது.

பாட்டுக்காரர் வாயில் இருந்ததைத் துப்பினார். படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பாடினார். நல்லா இருப்பா, நூறு வருஷம் இருப்பா, உன் பிள்ளைக்குப் பிள்ளை பார்த்துச் சிரிப்பா என்று இரண்டு வரி கட்டி, அங்கேயே, அந்த வாயாலேயே பாடினார். வார்த்தையெல்லாம் நல்ல வார்த்தைதான். ஆனால் முப்பது வருடம் பிணத்துக்குப் பக்கத்தில் பாடிய ராகம். கறிக்கடைக்காரர் ஒருவர் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துவிட்டார், சாவு வீட்டில் அவிழ்ப்பது போல.

மீசை இல்லாத பையன்தான் கத்தினான். “மச்சி, இதுவும் சாவு பாட்டு மாதிரியே இருக்குடா!”

உடைந்த பலகைச் சட்டத்தை எடுத்து அவர் கழுத்தில் குறுக்காக அடித்தான். ஒரே அடி. பாட்டு அந்த இடத்தில் நின்றது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, பஞ்சரான டியூபைத் தண்ணீரில் அமுக்கும்போது வருகிற மாதிரி. செயலாளர் அந்தப் பையனை அறைந்தார். பிறகு எல்லோரும் பைக் எடுத்துப் போய்விட்டார்கள். போகும்போது நடிகரின் படத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். மாலை படியிலேயே கிடந்தது.

கறிக்கடைக்காரர்கள்தான் ஆட்டோவில் ஏற்றினார்கள். நானும் கூடப் போனேன். அவர் தலை என் மடியில் இருந்தது. ஏதோ சொல்ல வந்து, வரவில்லை. என் வலது கையைப் பிடித்து, விரல்களைத் தன் ஈரச் சட்டையில் தேய்த்துத் துடைத்தார். வழியெல்லாம் துடைத்துக்கொண்டே வந்தார். சாயந்தரம் போலீஸ்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்து என்னைக் கேட்டார். நான் உள்ளே இருந்தேன், ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். பலகையில் எழுதியது யார் என்று அவரும் கேட்டார். தெரியாது என்றேன்.

பாட்டுக்காரருக்கு உடைந்த தாடை கூடிவிட்டது. குரல் வரவில்லை. திங்கட்கிழமை விவேக் நகருக்கு யாரும் போகவில்லை. இப்போது அவர் பொம்மனஹள்ளியில் ஒரு அடுக்குமாடி வீட்டு வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை போய்ப் பார்ப்பேன். காற்று மாதிரி ஒரு குரலில், சாப்பிட்டியா தம்பி என்று கேட்பார். அதற்கு மேல் அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தப் பன்னிரண்டு பாட்டில் அன்று நான் கேட்ட அரைப் பாட்டைத் தவிர மீதியை யாரும் கேட்டதில்லை. நான்தான் எழுதினேன். இதை இங்கே எழுதிவிட்டேன்.

அடி விழுந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பாய் கோலாரிலிருந்து வந்தார். கண்ணாடிக்காரர் வந்து ஷோகேஸுக்கு அளவெடுத்தார். நான் படியைக் கழுவினேன். பாய் ஒரு புதுப் பலகை வாங்கி வந்தார். பட்டியலை அதில் எழுதினேன், முதல் வரியில் நடிகரின் ஆல்பம். சாவு ஆல்பம் அன்று மூன்று விற்றது. மூன்று சீட்டையும் டின்னில் போட்டேன்.